முதல் ஆட்டமும் முதல் கோணலும்

(ஓசூர் தொழிற்பேட்டையை அடுத்து நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பந்து விளையாட்டைப் பற்றி நாம் பேசப் போகிறோம் என்று விளம்பரம் செய்திருக்கிறார்கள். சுயமரியாதைக்காரனுக்கும் பந்து விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் மட்டை பிடித்துப் பேர் வாங்கினவருமல்ல. பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவருமல்ல. ஆனால் நம் ஜனங்கள் எந்தக் காரியத்தைத் தொட்டாலும் அதிலே ஒரு சகுனத்தையும், ஒரு ராசியையும், ஒரு ஜோசியத்தையும் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டின இடத்திலெல்லாம் அவர்களுடைய பணமும் புத்தியும் சேர்ந்து போகின்றன. ஆகையால் இந்த விஷயத்தைப் பற்றிப் பேச நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

வருஷா வருஷம் கோடை காலத்தில் ஐ.பி.எல். என்கிற கிரிக்கெட் பந்தயம் ஆரம்பமாகிறது. ஆரம்பமாகிற அந்த முதல் நாளைக்கு நம் ஓசூரில் இருக்கிற மகிமை பொங்கலுக்குக்கூட இல்லை. காரணம், நாம் இருப்பது எல்லையில். பாதிப் பேர் சென்னைக் கட்சி. பாதிப் பேர் பெங்களூர்க் கட்சி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் ஒரே தெருவில் இருக்கின்றன; ஒரே வீட்டில் அண்ணன் மஞ்சள் சட்டை, தம்பி சிவப்புச் சட்டை. அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. சந்தோஷமாகக் கத்தட்டும். ஆனால் அன்றைக்கு டீக்கடையில் நடக்கிற தர்க்கத்தைக் கேட்டால்தான் வெட்கமாயிருக்கிறது. "முதல் கோணல் முற்றும் கோணல்" என்கிறான் ஒருவன். "போணி சரியாய் ஆனால் வியாபாரம் சரியாய் ஆகும், முதல் ஆட்டம் ஜெயித்தால் கோப்பை நமக்குத்தான்" என்கிறான் இன்னொருவன். மூன்றாமவன் கைபேசியைத் திறந்து, தலைவருடைய ஜாதகத்துக்குச் சனி எந்த இடத்தில் இருக்கிறான் என்று ஒரு ஜோசியர் சொல்வதைப் போட்டுக் காட்டுகிறான்! இவர்கள் யார்? காலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்து பார்த்து, பிசகினால் சாமானைத் தள்ளிவிடுகிற தொழிலாளிகள். இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறபோது இருக்கிற பகுத்தறிவு கம்பெனி வாசலைத் தாண்டினவுடனே எங்கே போய்விடுகிறது?

ஆகவே முதல் நாள் ஆட்டங்கள் சிலவற்றின் யோக்கியதையை இன்று பார்ப்போம். வெறும் வாய்ப்பேச்சல்ல; எல்லாம் எழுதிவைத்த கணக்கு. வேண்டியவர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம்.

முதலாவது, 1934-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி. ரஞ்சிக் கோப்பை என்று இன்று சொல்கிறார்களே, அந்தப் பந்தயத்தின் முதல் ஆட்டம் அன்றுதான் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. ஆடினவர்கள் யார் தெரியுமா? சென்னை மாகாணமும் மைசூரும்! அன்றைக்கு இந்த ஓசூர் சேலம் ஜில்லாவில் ஒரு தாலூகா. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் மாகாணம். அந்தப் பக்கம் மகாராஜா சமஸ்தானம். நம் வாசலில் இருக்கிற எல்லைக்கோட்டின் இரண்டு பக்கத்தாரும்தான் இந்தியாவின் மாகாணப் பந்தயத்தையே தொடங்கிவைத்தவர்கள் என்பது இங்குள்ள எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் பந்தை வீசினவர் சென்னையைச் சேர்ந்த எம்.ஜே. கோபாலன். ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி ஆடப் போகிற வாய்ப்பை விட்டு, கிரிக்கெட்டுக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினவர். அங்கே ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. பெர்லினுக்குப் போனவர்கள் தங்கப் பதக்கத்தோடு வந்தார்கள். அது கிடக்கட்டும். அன்றைய ஆட்டத்தில் மைசூர் முதலில் ஆடி 48 ரன்னுக்குள் எல்லோரும் வெளியேறினார்கள். சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடியும் ஆடி 59-ல் முடிந்தது. சென்னைக்கு ஒரு இன்னிங்ஸும் 23 ரன்னும் மிச்சம். பல நாளைக்கு ஆட வேண்டிய ஆட்டம் பொழுது சாய்வதற்குள் முடிந்துபோயிற்று! ஏ.ஜி. ராம் சிங் என்கிற இடதுகைப் பந்து வீச்சாளர் முதலில் 19 ரன் கொடுத்து 6 பேரையும், பிறகு 16 ரன் கொடுத்து 5 பேரையும் வெளியேற்றினார். சென்னையிலே பிறந்து சென்னையிலே வளர்ந்த சீக்கியர் அவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலம் மாலை நாலரை முதல் ஆறு வரை என்பார்கள் நம் பஞ்சாங்கக்காரர்கள். நாம் கேட்கிறோம்: ராகுகாலம் மைசூருக்கு வேறு, சென்னைக்கு வேறா? ஒரே மைதானத்தில், ஒரே நிமிஷத்தில், ஒரே நட்சத்திரத்தின் கீழ்தானே இரண்டு கட்சியும் இறங்குகின்றன? முகூர்த்தம் நல்லதென்றால் இரண்டு பேரும் ஜெயிக்க வேண்டும். கெட்டதென்றால் இரண்டு பேரும் தோற்க வேண்டும். ஒருவன் ஜெயித்து ஒருவன் தோற்கிறான் என்பதிலிருந்தே முகூர்த்தத்துக்கு அங்கே வேலையில்லை என்று தெரியவில்லையா? ராம் சிங்கின் விரல்கள் பந்தைத் திருப்பின விதம் ஒன்று. அதை ஆடத் தெரியாமல் மைசூர்க்காரர்கள் திண்டாடினது ஒன்று. ராகு அன்று பந்தும் வீசவில்லை, மட்டையும் பிடிக்கவில்லை.

சரி, இவ்வளவு பிரமாதமான போணி ஆயிற்றே, அந்த வருஷம் கோப்பை சென்னைக்குத்தானே வந்திருக்க வேண்டும்? இல்லை. கோப்பையைப் பம்பாய் எடுத்துக்கொண்டு போயிற்று. சென்னைக்கு முதன்முதலாக அந்தக் கோப்பை கிடைத்தது 1954-55-ல். முதல் நாளே ஜெயித்தவன் 20 வருஷம் காத்திருந்தான்! தோற்ற மைசூர், கர்நாடகம் என்று பேர் மாறிய பிறகு 1973-74-ல், பம்பாய் 15 வருஷம் விடாமல் வைத்திருந்த கோப்பையைப் பிடுங்கிற்று. முதல் கோணல் எங்கே, முற்றும் கோணல் எங்கே?

நிற்க. இரண்டாவது ஆட்டத்தை உங்களில் பலபேர் பார்த்திருப்பீர்கள். சிலர் பஸ் ஏறிப் போய் நேரிலேயே பார்த்திருக்கலாம். 2008-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி, பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் ஐ.பி.எல்.லின் முதல் ஆட்டம். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பெங்களூருக்கும் கல்கத்தாவுக்கும் பந்தயம். பெங்களூர்த் தலைவர் திராவிட், கல்கத்தாத் தலைவர் கங்குலி. பூவா தலையாவில் ஜெயித்த திராவிட் எதிரியை முதலில் ஆடச் சொன்னார்.

கல்கத்தாவுக்காக மெக்கல்லம் என்கிற நியூஜிலாந்துக்காரர் இறங்கினார். தான் சந்தித்த முதல் 6 பந்துகளில் அவர் ஒரு ரன்னும் எடுக்கவில்லை. நம் டீக்கடை ஜோசியன் அங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "ஆரம்பமே சரியில்லை, இவன் இன்றைக்குத் தேறமாட்டான்" என்றிருப்பான். ஏழாவது பந்திலிருந்து வரிசையாக 4, 4, 6, 4. கடைசியில் 73 பந்துகளில் 158 ரன். அதில் 13 சிக்ஸர். அவுட் ஆகவே இல்லை. கல்கத்தா 222. பதிலுக்கு ஆடிய பெங்களூர் 82-ல் சுருண்டது. 140 ரன் வித்தியாசம். பெங்களூர்க் கட்சியில் இரட்டை இலக்கம் எடுத்தவர் ஒரே ஒருவர், பந்து வீசுகிற பிரவீண் குமார். அவர் எடுத்தது 18. எதிரி தவறாக வீசியும் தவறவிட்டும் தானமாய்க் கொடுத்த உதிரி ரன்களோ 19! அதாவது அன்று பெங்களூரின் பெரிய ஆட்டக்காரன் எதிரியின் தவறுதான்.

இவ்வளவு பெரிய ஜெயம் அடைந்த கல்கத்தா அந்த வருஷம் என்ன ஆயிற்று? எட்டுக் கட்சிகளில் ஆறாவது. மறுநாள் ஏப்ரல் 19-ந் தேதி டில்லியில் ஒரு கட்சி 9 விக்கெட் வித்தியாசத்தில் செம்மையாய் உதை வாங்கிற்று. அந்தக் கட்சி ராஜஸ்தான். ஜூன் 1-ந் தேதி கோப்பையைத் தூக்கினதும் அதே ராஜஸ்தான்தான். அதுவும் நம் சென்னையைத் தோற்கடித்து.

ஒரு வருஷத்துக் கதையை வைத்துக்கொண்டு சொல்லாதே என்பீர்களானால், மும்பைக் கட்சியின் கணக்கைப் பாருங்கள். 2012-ல் முதல் ஆட்டத்தில் ஜெயித்தது, கோப்பை கிடைக்கவில்லை. 2013 முதல் 2025 வரை 13 வருஷமும் தன் முதல் ஆட்டத்தில் ஒரு தடவை தவறாமல் தோற்றது. அந்தப் 13 வருஷத்தில் அது எடுத்த கோப்பைகள் 5! 2013, 2015, 2017, 2019, 2020. இதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? சகுனம் பொய் என்று ஒப்புக்கொள்கிறார்களா? "மும்பைக்கு முதல் ஆட்டம் தோற்பதுதான் ராசி" என்கிறார்கள்! ஜெயித்தாலும் ராசி, தோற்றாலும் ராசி என்றால், தோழர்களே, பல்லி எந்தப் பக்கம் விழுந்தாலும் பலன் சொல்லுகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? எப்படி நடந்தாலும் சரியாகிவிடுகிற ஜோசியம் ஒன்றையும் முன்கூட்டிச் சொல்லாத ஜோசியம்தானே?

"பெங்களூர் 2025-ல் முதல் ஆட்டத்தில் ஜெயித்தது, கோப்பையும் வாங்கிற்று, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று முன்வரிசையில் ஒரு சிவப்புச் சட்டைத் தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. வாங்கிற்று, நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே பெங்களூர் 2013-லும், 2016-லும், 2020-லும், 2021-லும் முதல் ஆட்டத்தில் ஜெயித்ததே, அந்த வருஷங்களில் கோப்பை எங்கே போயிற்று? பலித்ததை மட்டும் எண்ணி, பலிக்காததை எண்ணாமல் விடுகிறவனுக்கு எல்லா ஜோசியமும் பலிக்கும்.

இந்தப் பெங்களூர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. 18-ம் வருஷப் பந்தயம். கோலியின் சட்டை நம்பர் 18. கோப்பை வாங்கின நாள் 3-6-2025, அதன் எண்களைக் கூட்டினால் 18. ஆகவே 18 என்கிற எண்தான் கோப்பையைக் கொண்டுவந்தது என்று படித்தவர்கள்கூடச் சொன்னார்கள். நாம் இப்போதுதானே சொன்னோம்? முதல் ஆட்டத்தில் 140 ரன்னில் தோற்றது எந்தத் தேதி? ஏப்ரல் 18! அன்று அந்தக் கட்சியில் கோலி எடுத்தது 1 ரன். அன்றைக்கு இந்த 18 தூங்கிற்றா?

சிரிக்கிறீர்கள். சிரிக்க முடியாததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோப்பை வாங்கின மறுநாள், 2025 ஜூன் 4-ந் தேதி, அதே சின்னசாமி மைதானத்து வாசலில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் மிதித்து 11 பேர் செத்தார்கள். பெரும்பாலும் சின்ன வயதுப் பிள்ளைகள். சுமார் 35 ஆயிரம் பேர் கொள்ளுகிற இடத்துக்கு இலட்சக்கணக்கில் கூட்டம் வந்தது. எத்தனை பேர் வருவார்கள், எந்த வாசலை எப்போது திறப்பது, எந்தத் தெருவில் நிறுத்துவது என்பதெல்லாம் கணக்கு. நம் தொழிற்சாலையில் ஒரு கொதிகலனுக்கு இவ்வளவு அழுத்தம்தான் தாங்கும் என்று கணக்கு இருக்கிறதல்லவா, அப்படிப்பட்ட கணக்கு. அதைப் போடாமல் விட்டுவிட்டு, செத்த பிறகு "விதி முடிந்தது" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! விதி என்று சொன்னவுடனே கேள்வி கேட்கவேண்டிய வாய் மூடிக்கொள்கிறது. பதில் சொல்லவேண்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். சகுனம் பார்ப்பது யாருக்கும் தீங்கில்லாத பழக்கம் என்கிறவர்கள் அந்தப் பதினொரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து இதைச் சொல்லட்டும்.

இனி, சமுத்திரத்துக்கு அப்பால் போவோம். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு பந்து விளையாட்டு உண்டு. உருண்டையான தடியால் பந்தை அடித்துவிட்டு, நாலு மூலையையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு ரன். அங்கே பருவம் தொடங்குகிற முதல் நாள் திருவிழா மாதிரி. 1910-ல் டாஃப்ட் என்கிற ஜனாதிபதியே வந்து முதல் பந்தை எறிந்துவிட்டுப் போனார். அங்கேயும் சகுனப் பைத்தியம் நமக்குக் குறைந்ததல்ல. ஜெயித்துக்கொண்டிருக்கிறவரை காலுறையைத் துவைக்கமாட்டேன் என்கிற ஆட்டக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். மூடத்தனத்துக்கு வெள்ளை கருப்பு என்கிற பேதம் கிடையாது.

அங்கே 1940 ஏப்ரல் 16-ந் தேதி பாப் ஃபெல்லர் என்பவர் கிளீவ்லாந்துக்காகப் பந்து வீசி, சிக்காகோக்காரர்களில் ஒருவரும் ஒரு நல்ல அடிகூட அடிக்காதபடி முழு ஆட்டத்தையும் முடித்தார். முதல் நாளில் அப்படிச் செய்தவர் அவர்தான். அந்த வருஷ முடிவில் கிளீவ்லாந்து என்ன ஆயிற்று? ஒரே ஒரு ஆட்டம் பின்தங்கி முதலிடத்தை டெட்ராயிட்டுக்கு விட்டுவிட்டது.

ஆனால் நாம் சொல்ல வந்தது அந்த ஆட்டமல்ல. 1947-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி ஆட்டம். அதுவரை 60 வருஷத்துக்கு மேலாகக் கருப்பு மனிதன் எவனும் அங்கே பெரிய லீகுகளில் ஆட முடியாது. சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்ததா? இல்லை. நம் ஊரில் தேநீர்க்கடையில் தனிக் குவளை வைக்கச் சொல்லி எந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது? அதுமாதிரிதான். கருப்பர்கள் தங்களுக்குள்ளே தனி லீக் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாள் ப்ரூக்ளினில் எப்பெட்ஸ் ஃபீல்டு என்கிற மைதானத்தில் ஜாக்கி ராபின்சன் என்கிற கருப்பர் 42-ம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். பாஸ்டன் கட்சியோடு ஆட்டம். 25 ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள்; கருப்பர்கள் ஏராளமாக வந்திருந்தார்கள்.

அவர் அன்று என்ன சாதித்தார் என்று கேட்பீர்கள். மட்டையால் ஒரு நல்ல அடிகூட இல்லை. மூன்று முறை முயன்றும் பூஜ்யம்! ஏழாவது சுற்றில் எதிரி எறிந்த பந்து பிசகினதால் நின்றுகொண்டு, பிறகு ஓடிவந்து ஒரு ரன் எடுத்தார். அவ்வளவுதான். ப்ரூக்ளின் 5-3 என்று ஜெயித்தது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது உண்மையானால் மறுநாளே அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். "பார்த்தாயா, இந்த ஜாதிக்கு இது வராது" என்று சொல்ல எத்தனை பேர் காத்திருந்தார்கள்! வசவு வந்தது, கொலை மிரட்டல் கடிதம் வந்தது. வருஷ முடிவில் அவருடைய கட்சி தன் லீகில் முதலிடம். புதிய ஆட்டக்காரர்களில் சிறந்தவர் என்ற பரிசு அவருக்கு. அந்த 42-ம் நம்பரை இனி எந்தக் கட்சியிலும் எவரும் போட்டுக்கொள்வதில்லை என்று 1997-ல் தீர்மானம் செய்தார்கள். எண்ணுக்கு மரியாதை வருவது அப்படி. கூட்டிக் கழித்து வருவதல்ல.

அதோடு தீர்ந்துவிட்டதா? 1974-ல் முதல் நாள் ஆட்டத்தில், அந்தப் பருவத்தின் முதல் வீச்சிலேயே ஹாங்க் ஆரன் தன் 714-வது பெரிய அடியை அடித்து, பேப் ரூத் என்கிற வெள்ளையரின் பழைய கணக்கைச் சமம் செய்தார். அவருக்கும் அதே கொலை மிரட்டல் கடிதங்கள். 1975 முதல் நாளில்தான் ஒரு கருப்பர் கட்சியை நடத்தும் மேனேஜராக நின்றார், கிளீவ்லாந்தில் ஃபிராங்க் ராபின்சன். ஆடுவதற்கு அனுமதித்தவர்கள் ஆள்வதற்கு அனுமதிக்க 28 வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் செய்த அக்கிரமம் என்று கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம்முடைய பாலு எங்கே? பல்வாங்கர் பாலு என்கிற பந்து வீச்சாளர், தோல் வேலை செய்கிற ஜாதியில் பிறந்தவர், பூனாவில் வெள்ளைக்காரர் மைதானத்தில் வேலைக்காரராயிருந்து பந்து வீசக் கற்றுக்கொண்டார். இந்துக் கட்சிக்காரர்களுக்கு அவர் கை வேண்டியிருந்தது, ஆகையால் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவே அவருக்குத் தேநீர் வெளியே, தனியாக, மண் குவளையில்! 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்துவந்தார். அப்படியும் இந்துக் கட்சிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் அது கிடைத்தது. அவர் வீசின பந்தைத் தொட்டு எடுத்துப் போட்டவர்களுக்குத் தீட்டு ஒட்டவில்லை; அவர் குடித்த குவளையில் மட்டும் தீட்டு ஒட்டிக்கொண்டது!

பம்பாயில் அப்போது இந்து ஒரு கட்சி, முஸ்லிம் ஒரு கட்சி, பார்சி ஒரு கட்சி, ஐரோப்பியர் ஒரு கட்சி என்று மதவாரியாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். 1946-ல்தான் அது நின்றது. இதை வைத்துப் பார்த்தால் 1934-ல் சேப்பாக்கத்தில் நடந்ததன் பெருமை தெரியும். மகாராஜாக்கள் கொடுத்த கோப்பை, மகாராஜா ஒருவர் பேரால் கோப்பை, அதெல்லாம் நமக்குப் பெரிதல்ல. ஆனால் சென்னைக்காக ஒரு சீக்கியரும், ஒரு தமிழரும், ஒரு வெள்ளைக்காரரும் "எந்த மதம்" என்று கேட்கப்படாமல் "எந்த மாகாணம்" என்று மட்டும் கேட்கப்பட்டு ஒன்றாய் நின்றார்களே, அந்த முதல் நாள் நினைக்கத்தக்கது. முதல் நாள் என்பதற்கு மகிமை உண்டென்றால் அது நட்சத்திரத்தால் வருவதல்ல. அதுவரை உள்ளே விடாத ஒருவனை அன்று உள்ளே விட்டார்களா என்பதால் வருவது.

கடைசியாகப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குத் தெரிந்த ஒரு தோழர், ஒப்பந்தத் தொழிலாளி, முதல் ஆட்டத்து ராசியை நம்பி ஒரு மாதச் சம்பளத்தைப் பந்தயத்தில் விட்டார். வீட்டில் மூன்று மாதம் சண்டை. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் நின்றது. பணம் வைத்து இணையத்தில் ஆடுகிற ஆட்டங்களைத் தடுத்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் செய்தது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் சட்டம் கைபேசியை மூடும். கையோடு கை மாறுகிற பணத்தை எப்படி மூடும்? பந்தயம் பிடிக்கிறவனுக்குச் சகுனத்தில் நம்பிக்கை உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். அவன் கணக்குப் பார்க்கிறவன். சகுனம் பார்க்கிறவன் கொண்டுவந்து கொடுக்கிற பணத்தைத்தான் அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "அப்படியானால் நாங்கள் முதல் ஆட்டத்தைப் பார்க்கவே கூடாதா?" என்று. தாராளமாய்ப் பாருங்கள். சிவப்புச் சட்டையும் மஞ்சள் சட்டையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து பாருங்கள். நன்றாய் ஆடினவன் எவனானாலும் கைதட்டுங்கள். எலுமிச்சம்பழம் மலிவாய்க் கிடைத்தால் பிழிந்து குடியுங்கள். ஏப்ரல் வெயிலுக்கு நல்லது. மட்டையில் கட்டவேண்டாம்.

இரவு ஷிப்டுத் தோழர்கள் எழுந்து நிற்கிறார்கள். அவர்களை நிறுத்திவைக்க நமக்கு உரிமையில்லை.